எஸ்கலேட், யூகான் டெனாலி ஷாக்குகள் தேய்ந்தால்: அதே மின்னணு வகையா, சாதா வகைக்கு மாறுவதா?

அமெரிக்காவில் பழைய எஸ்கலேடோ யூகான் டெனாலியோ வாங்கி ஓட்டும் நம்மவர்கள் பலருக்கும், மீட்டர் ஒரு லட்சம் மைலை நெருங்கும்போது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. டேஷ்போர்டில் 'சர்வீஸ் சஸ்பென்ஷன் சிஸ்டம்' என்று எழுத்து வரும். சில வண்டிகளில் எழுத்தே வராது. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு மேட்டைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று தடவை மிதந்து அடங்கும், பிரேக் மிதித்தால் மூக்கு கீழே குத்தும். டீலரிடம் போனால், சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் நான்குக்கும் கூலிக்கும் சேர்த்துப் பல ஆயிரம் டாலர் சொல்வார்கள். இணையத்தில் தேடினால் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு 'கன்வர்ஷன் கிட்' என்று சாதா ஷாக்குகள் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, பழையதைப் புதுப்பித்து விற்பவர்கள், பெயரே கேள்விப்படாத மலிவு பிராண்டுகள், பழைய இரும்புக் கடைகள் என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2015 முதல் 2020 வரையிலான வண்டி, இன்னும் சில வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள், குடும்பம் முழுக்க ஏறுகிறது அல்லது பின்னால் டிரெய்லர் இழுக்கிறீர்கள் என்றால், சாலைக்கேற்ப கம்ப்யூட்டர் இறுக்கத்தை மாற்றும் அதே மின்னணு ஷாக்கைப் புதிதாகப் போடுங்கள். 2014 வரையிலான வண்டி, மைல் நிறைய ஓடியது, ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் சாதா வகைக்கு மாறுவதில் தவறே இல்லை. ஆனால் மாறினால் முழுதாக மாற வேண்டும். முன்பக்கம் ஒரு வகை, பின்பக்கம் ஒரு வகை, ஒரு மூலையில் மட்டும் மலிவுச் சரக்கு என்று அரைகுறையாகச் செய்பவர்கள்தான் இரண்டு முறை காசு செலவழிக்கிறார்கள்.

இங்கே பேசுவது ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய எஸ்யூவிகளைப் பற்றி மட்டும்: காடிலாக் எஸ்கலேட், ஜிஎம்சி யூகான் (டெனாலி அதன் விலை கூடிய வகை), ஷெவர்லே டாஹோ, சபர்பன். 2021ல் வந்த புதிய தலைமுறையில் பின் ஆக்சில் அமைப்பே மாறிவிட்டது. விலை கூடிய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் காற்று சஸ்பென்ஷன் வேறு வந்துவிட்டது. அந்த வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

உங்கள் வண்டியில் இருப்பது எது?

ஷாக் வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது. ஒரே வருஷத்து டாஹோவில்கூட மூன்று வகை சஸ்பென்ஷன் இருக்கலாம். மின்னணு வகையில் இரண்டு உண்டு. பழையது ஆட்டோரைடு. இதில் ஷாக்குக்குள் மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு இருக்கிறது. கம்ப்யூட்டர் சொல்வதற்கேற்ப எண்ணெய் ஓடும் வழி பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். புதியது மேக்னெடிக் ரைடு கன்ட்ரோல். 2007 முதல் 2014 வரையிலான தலைமுறையில் பெரும்பாலும் ஆட்டோரைடுதான். எஸ்கலேடில் மட்டும் இடையிலேயே மேக்னெடிக் வந்துவிட்டது. 2015க்குப் பின் எஸ்கலேடிலும் டெனாலியிலும் மேக்னெடிக்.

ஊகித்து வாங்க வேண்டாம். அந்தக் காலத்து வண்டிகளில் க்ளோவ் பாக்ஸைத் திறந்தால் சிறு சிறு குறியீடுகள் அச்சிட்ட வெள்ளை ஒட்டு ஒன்று இருக்கும். அதில் இசட்55 என்று இருந்தால் ஆட்டோரைடு, இசட்95 என்று இருந்தால் மேக்னெடிக். பின்னால் வந்த வண்டிகளில் அந்த ஒட்டு இல்லாவிட்டால், வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணை டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் கொடுத்தால் எந்தக் குறியீடு என்று பார்த்துச் சொல்வார்கள். ஆட்டோரைடு ஷாக்கை மேக்னெடிக் வண்டியில் மாட்ட முடியாது. கனெக்டர் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் கம்ப்யூட்டர் ஏற்காது.

இவ்வளவு விலை ஏன்?

மேக்னெடிக் ஷாக்கின் உள்ளே வால்வே கிடையாது. அதற்குப் பதிலாக, மைக்ரான் அளவிலான இரும்புத் துகள்கள் கலந்த எண்ணெய் இருக்கிறது. பிஸ்டனுக்குள் ஒரு கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தப் புலம் உண்டாகி, துகள்கள் வரிசை பிடித்து நிற்கும். நீர்மோராக ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் அந்தக் கணமே கெட்டித் தயிராகிவிடும். மின்சாரம் நின்றால் மறுபடி நீர்மோர். இந்த மாற்றம் மில்லிசெகண்டு கணக்கில் நடக்கிறது. முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் கம்ப்யூட்டர் பலமுறை கணக்குப் போட்டு முடித்துவிடும்.

காந்தத்துக்குக் கட்டுப்படும் இந்தத் திரவத்தை 1940களிலேயே அமெரிக்க தர நிர்ணய நிறுவனத்தில் ஜேக்கப் ராபினோ செய்து காட்டினார். காருக்குள் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. டெல்ஃபை நிறுவனம் மேக்னரைடு என்ற பெயரில் உருவாக்கிய இந்த மேக்னெடிக் ஷாக் அமைப்பு, உலகில் முதன்முதலாக 2002ல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ்ஸில் வந்தது. அடுத்து கார்வெட், அப்புறம் ஆடி டிடி, ஃபெராரி 599 என்று பரவியது. 2009ல் டெல்ஃபையின் சஸ்பென்ஷன் பிரிவை பிடபிள்யூஐ குழுமம் வாங்கிவிட்டது. ஃபெராரிக்குப் போன அதே தொழில்நுட்பம்தான் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு டல்லஸிலிருந்து ஹூஸ்டன் கோவிலுக்குப் போகும் உங்கள் வண்டியிலும் இருக்கிறது. விலையில் ஒரு பங்கு நிஜமாகவே அதற்குள் இருக்கும் பொருளுக்கானது.

இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. இரும்புத் துகள் தேய்க்கும். ஷாக்குக்குள் ஏறி இறங்கும் கம்பியான ராடைச் சுற்றியுள்ள சீலும் உள்சுவரும் சாதா எண்ணெய் ஷாக்கைவிடக் கடுமையான வேலை செய்கின்றன. சீல் விட்டுக்கொடுக்கத் தொடங்கினால் கருஞ்சாம்பல் நிறத்தில் கசிவு தெரியும். மின்சாரம் போகாவிட்டாலோ திரவம் குறைந்துவிட்டாலோ ஷாக் இளகிவிடும். இரண்டரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி ஸ்பிரிங்கில் மட்டும் நின்று ஆடும். பல எஸ்கலேடுகளில் 22 அங்குல சக்கரம், 285/45 அளவு டயர். டயரின் பக்கச் சுவர் குட்டையாக இருப்பதால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வேலையில் பெரும்பங்கு ஷாக்கின் தலையில்தான் விழுகிறது.

ஷாக்தான் போயிருக்கிறதா?

எழுத்து வந்ததும் ஷாக்கை ஆர்டர் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கடையில் நான்கு ஷாக்கும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பின்பக்கம், ஃப்ரேமையும் ஆக்சிலையும் இணைக்கும் உயர உணரியின் சிறு கம்பி ஒன்று முனையில் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நீளமுள்ள அந்தக் கம்பிதான் சக்கரம் எவ்வளவு மேலே கீழே போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. அது உடைந்தால் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு எழுத்தைப் போட்டுவிடும். கம்பியை மாற்றினார்கள், எழுத்து போயிற்று, ஷாக்குகள் அப்படியே இருந்தன.

அதனால் பார்க்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஸ்கேனர். ஜிஎம் வண்டியின் சஸ்பென்ஷன் மாட்யூலைப் படிக்கக்கூடிய ஸ்கேனராக இருக்க வேண்டும். எஞ்சின் கோளாறு மட்டும் படிக்கும் இருபது டாலர் கருவி உதவாது. அது காட்டும் கோளாறுக் குறியீடு (கோட்) எந்த மூலையைக் காட்டுகிறது, திறந்த சர்க்யூட்டா, ஷார்ட்டா, உணரியா, காற்று கம்ப்ரஸரா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து கனெக்டர். முன் ஷாக்கின் உச்சியில், ராடின் முனையிலிருந்து ஒயர் வெளியே வருகிறது. உப்பு தூவும் மிச்சிகன், இல்லினாய், ஒஹாயோ பக்கங்களில் பிளாஸ்டிக் பூட்டு நொறுங்கி, உள்ளே பின்களில் பச்சை படிந்திருக்கும். சுத்தம் செய்து, கனெக்டருக்கான கிரீஸ் வைத்து மாட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, கண்ணும் கையும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து நிறுத்திவிட்டு, சக்கர வளைவுக்குள் டார்ச் அடியுங்கள். ஷாக்கின் உடலில் லேசாக ஈரப்புழுதி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ராட் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைக் கொஞ்சம் கொண்டுவரும். கறுப்பாக வழிந்து கீழ்க் கோப்பை வரை கோடு போட்டிருந்தால் அந்த ஷாக்கின் காலம் முடிந்தது. பிறகு டயரின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஓட்டுங்கள். கை ஏறி இறங்கினால், அதாவது ரப்பர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால், ஷாக் பல மாதமாகவே சக்கரத்தைத் தரையில் பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம். பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை சின்னக் காருக்குச் சரி. இந்த எடையில் அது ஒன்றும் சொல்லாது.

பின்பக்கத்துக்குத் தனிச் சோதனை வேண்டும். இந்த வண்டிகளின் பின் ஷாக்கைச் சுற்றி ஒரு ரப்பர் காற்றுப் பை இருக்கிறது. பின்னால் பாரம் ஏறினால் கம்ப்ரஸர் காற்றை ஊதி வண்டியைச் சமமாகத் தூக்கும். ராத்திரி நிறுத்திய உயரத்தைச் சக்கர வளைவிலிருந்து அளந்து வைத்து, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் பையோ குழாயோ கசிகிறது. அந்தக் கசிவை விட்டுவைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக் கருகும். அப்புறம் ஷாக்கோடு கம்ப்ரஸர் செலவும் சேரும். வண்டியை நிறுத்தியபின் பின்னால் அடிக்கடி ரீங்காரம் கேட்டால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் வழி: கம்பெனி ஷாக், புதிது

ஜிஎம் ஜெனுவின், ஏசி டெல்கோ என்ற பெயர்களில் வருவது. மாட்டினால் எழுத்து வராது, டூர், ஸ்போர்ட் பொத்தான்கள் வேலை செய்யும், பின்னால் காற்று ஏறும். வண்டி ஷோரூமிலிருந்து வந்தபோது எப்படிப் போனதோ அப்படிப் போகும். இதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: இவ்வளவு உயரமான வண்டி, ராம்ப் வளைவில் சாயாமல், அதே நேரம் உடைந்த கான்கிரீட் சாலையில் முதுகைக் குத்தாமல் போவது சாதா ஷாக்கால் ஆகாது. சாதா ஷாக் ஒன்றைத்தான் தர முடியும். மிருதுவா, இறுக்கமா என்று தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும்.

விலைதான் தடை. ஆனால் டீலர் கடையில் சொல்லும் விலையும், அதே பாகத்தை இணையத்தில் ஜிஎம் பார்ட்ஸ் விற்கும் டீலர்களிடம் வாங்கும் விலையும் ஒன்றல்ல. வித்தியாசம் கணிசமாக இருக்கும். பாகத்தை நீங்களே வாங்கி, நம்பிக்கையான தனிக் கடையில் கூலிக்கு மாட்டினால் மொத்தச் செலவு நன்றாகக் குறைகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பாகத்தின் வாரண்டி எங்கே வாங்கினால், யார் மாட்டினால் செல்லும் என்பதை ஆர்டர் செய்யும் முன்பே கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொண்டுவந்த பாகத்துக்குக் கடைக்காரர் பொதுவாகக் கூலி வாரண்டி தரமாட்டார். ஷாக் மூன்று மாதத்தில் கசிந்தால் புது ஷாக் இலவசமாக வரலாம். மறுபடி மாட்டும் கூலி உங்கள் கையிலிருந்துதான்.

நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே வகை ஷாக்கைப் போடும்போது ஜோடி ஜோடியாக மாற்றலாம்: முன்பக்க இரண்டும் இப்போது, பின்பக்க இரண்டும் ஆறு மாதம் கழித்து. ஒரு பக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். புதிதும் தேய்ந்ததும் ஒரே ஆக்சிலில் இருந்தால் அவசரமாகத் தடம் மாற்றும்போது வண்டி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு ஷாக் மிகச் சமீபத்தில் மாற்றியது, இன்னொன்று விபத்தில் அடிபட்டது என்ற நிலை வேறு.

இரண்டாவது வழி: பிற கம்பெனி மின்னணு ஷாக், புதுப்பித்த ஷாக்

ஃபுளோரிடாவின் ஆர்னட் போன்ற நிறுவனங்கள் இந்த வண்டிகளுக்கு மின்னணு ஷாக்குகளைத் தயாரிக்கின்றன. பழைய கம்பெனி ஷாக்கைப் பிரித்து, சீலும் திரவமும் மாற்றிப் புதுப்பித்தும் தருகின்றன. விலை முதல் வழியைவிடக் குறைவு, எழுத்து வராது, பொத்தான்கள் வேலை செய்யும். புதுப்பித்த ஷாக் வாங்கும்போது விலையோடு 'கோர்' என்று ஒரு முன்பணம் கட்ட வேண்டும். பழைய ஷாக்கைத் திருப்பி அனுப்பினால்தான் அது திரும்பக் கிடைக்கும். அனுப்பும் செலவு யாருடையது, பழைய ஷாக் வளைந்திருந்தால் ஏற்பார்களா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கோர் பணத்தை விட்டுவிட்டால் புதிய கம்பெனி ஷாக்கின் விலைக்கே வந்து நிற்பதுண்டு.

புதுப்பித்தவற்றில் பின் ஷாக்கைத்தான் நான் கூடுதலாக நம்புவேன். பின்பக்கம் பெரும்பாலும் காற்றுப் பைதான் முதலில் போகிறது. பை வெடித்த ஷாக்கின் உள்பகுதி நன்றாகவே இருக்க வாய்ப்பு உண்டு. முன்பக்கத்தில் உடலும் ராடும் முழு எடையையும் பள்ளத்தையும் வாங்கியிருக்கும். விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் முன்பக்கத்துக்குப் புதிதையே தேர்ந்தெடுங்கள்.

மலிவுச் சரக்கு

பெரிய இணையச் சந்தைகளில் கம்பெனி விலையில் கால் பங்குக்கு, 'மேக்னெடிக்' என்ற தலைப்போடு, கனெக்டர் உட்பட அதே தோற்றத்தில் ஷாக்குகள் கிடைக்கின்றன. இவற்றில் சிலவற்றின் உள்ளே காந்தத் திரவமே கிடையாது. சாதா எண்ணெய் ஷாக். கம்ப்யூட்டரை ஏமாற்ற உள்ளே ஒரு மின்தடை. வாங்குபவர் மின்னணு ஷாக் போட்டதாக நினைத்துக்கொண்டு ஸ்போர்ட் பொத்தானை அழுத்துவார், ஒன்றும் மாறாது. சாதா ஷாக்தான் வேண்டுமென்றால் பெயருள்ள கம்பெனியின் நல்ல சாதா ஷாக்கை, சாதா என்று தெரிந்தே வாங்குவது நல்லது. இந்த எடையுள்ள வண்டியில், பிள்ளைகளை உட்கார வைத்து எழுபது மைல் வேகத்தில் போகும்போது, யார் செய்தது என்று தெரியாத ஷாக்கை நம்ப எனக்கு மனம் வராது.

பழைய இரும்புக் கடையிலிருந்து கழற்றிய ஷாக்கும் இதே பட்டியலில்தான். அது எத்தனை மைல் ஓடியது என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் ஷாக்கின் அதே வயதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

மூன்றாவது வழி: சாதா வகைக்கு முழுதாக மாறுவது

வட கரோலினாவின் ஸ்ட்ரட்மாஸ்டர்ஸ் போன்றவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். கிட்டில் முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கோத்த ஸ்ட்ரட், பின்பக்கத்துக்கு ஷாக், டேஷ்போர்டு எழுத்தை அடக்கும் சிறு மாட்யூல்கள் இருக்கும். மின்னணு என்ற சிக்கலே ஒழிகிறது. அடுத்த முறை ஷாக் தேயும்போது எந்த ஊர்க் கடையிலும் சாதாரண விலைக்குக் கிடைக்கும். இரண்டு லட்சம் மைல் ஓடிய 2009 எஸ்கலேடுக்குக் கம்பெனி மின்னணு ஷாக் நான்கு போடுவது பண விஷயத்தில் நியாயமே இல்லை. அதற்கு இதுதான் வழி.

ஆனால் கிட் வாங்கும்போது மூன்று விஷயங்களைத் துருவிக் கேட்க வேண்டும்.

எழுத்தை எப்படி அடக்குகிறார்கள் என்பது முதலாவது. உங்கள் குறியீட்டுக்கென்றே செய்த மாட்யூலா, பொதுவான மின்தடையா? சில கிட்டுகளில் பொத்தான் அளவு மின்தடையைக் கொடுத்துவிட்டு 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்பார்கள். மாட்டி ஒரு வாரத்தில் எழுத்து திரும்பி வரும். இசட்55க்கு ஒன்று, இசட்95க்கு ஒன்று என்று பிரித்துச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

இரண்டாவது, பின்பக்க உயரம். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். காற்றுப் பை இருந்த வண்டியில் பாரத்தின் ஒரு பங்கைக் காற்று தாங்கிக்கொண்டிருந்தது. பையை எடுத்துவிட்டுச் சாதா ஷாக் போட்டால், காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வரிசையில் ஆள், பின்னால் பெட்டிகள், கொக்கியில் டிரெய்லர் என்று சேர்ந்தால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன் விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும், முன் சக்கரங்களில் எடை குறைந்து ஸ்டீயரிங் லேசாகும். ஆகவே கிட்டில் பின்பக்கத்துக்கு இறுக்கமான காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காயிலுக்குள் பொருத்தும் காற்றுப் பை இன்னொரு வழி. மிச்சிகனின் ஏர் லிஃப்ட் கம்பெனியின் 1000 வரிசை இந்த வேலைக்கென்றே வருவது. பயணத்துக்கு முன் கையாலேயே காற்றடித்துக்கொள்ளலாம். எந்தப் பை போட்டாலும் வண்டியின் இழுவைத் திறன் கூடாது. அது வண்டியின் உயரத்தை மட்டும்தான் சரிசெய்யும்.

மூன்றாவது, கம்ப்ரஸர். சாதாவுக்கு மாறியபின் அது ஊத வேண்டிய பையே இல்லை. மின் இணைப்பை முறையாகத் துண்டிக்க வேண்டும், காற்றுக் குழாயின் வாயை மூட வேண்டும். கிட்டின் வழிமுறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அந்தக் கிட்டைச் செய்தவர்கள் இந்த வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டத்தில் வித்தியாசம் தெரியுமா? தேய்ந்த மின்னணு ஷாக்கிலிருந்து நல்ல சாதா ஷாக்குக்கு வந்தால் வண்டி நன்றாகிவிட்டது என்றே தோன்றும், அது உண்மையும்கூட. புதிய மின்னணு ஷாக்கோடு ஒப்பிட்டால், சிறு விரிசல்கள் கொஞ்சம் கூடுதலாகக் காதில் விழும், வளைவில் உடல் சாய்வு கொஞ்சம் கூடும். ஊருக்குள் ஓட்டுபவர் ஒரு மாதத்தில் பழகிவிடுவார். மலைப்பாதையில் டிரெய்லர் இழுப்பவருக்கு அந்த வித்தியாசம் ஒவ்வொரு பயணத்திலும் தெரியும்.

மாட்டும் வேலை

பின்பக்கம் எளிது. மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், ஒயர், காற்றுக் குழாய். கை வேலை தெரிந்தவர்கள் வீட்டு கராஜிலேயே செய்துவிடலாம். ஷாக்கைக் கழற்றும்போது ஆக்சில் தொங்கிவிடாமல் ஜாக்கியால் தாங்கிப் பிடிக்க வேண்டும். முன்பக்கம் 2007 முதல் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும் அமைப்பு. கம்பெனி ஷாக் தனியாக வரும்; பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதில் கோக்க வேண்டும். அழுத்தி வைத்த அந்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். கடையிலிருந்து இரவல் வாங்கிய ஸ்பிரிங் கம்ப்ரஸரை வைத்து முதல்முறை முயல்பவர்கள் தயவுசெய்து அந்த ஒரு வேலையை மட்டுமாவது கடையில் கொடுத்துவிடுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துப் போனால் கோத்துத் தருவதற்குப் பெரிய தொகை கேட்கமாட்டார்கள். கன்வர்ஷன் கிட்டில் ஸ்பிரிங் கோத்தே வருவது இந்த இடத்தில் உண்மையான வசதி.

கடையில் கொடுத்தாலும் ஒன்றைக் கேளுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில், கம்பெனி சொன்ன முறுக்கு அளவில் (டார்க்) முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து ஒரு வருஷத்தில் கிழியும். சத்தம் வந்ததும் புது ஷாக்கின் மேல் பழி போகும். முன்பக்கம் கை வைத்தபின் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் கட்டாயம். மேல் மவுன்ட்டும் தூசி உறையும் பழசாக இருந்தால் அந்த நேரத்திலேயே மாற்றிவிடுங்கள், கூலி மறுபடி வேண்டாம்.

யாருக்கு எது

2017 டெனாலி, தொண்ணூறாயிரம் மைல், வருஷத்துக்கு இரண்டு முறை படகோ கேம்பரோ இழுக்கிறார், பிள்ளைகள் கல்லூரி போகும்வரை வைத்திருப்பார்: கம்பெனி ஷாக். முன்பக்கம் முதலில், பின்பக்கம் பை கசியத் தொடங்கும்போது. இவர் கன்வர்ஷன் பக்கம் போகவே வேண்டாம். இழுக்கும்போது பின்பக்கம் தானாகச் சமமாகும் வசதி ஒன்றுக்காகவே அந்தச் செலவு தகும்.

2011 எஸ்கலேட், ஒரு லட்சத்து எண்பதாயிரம் மைல், எஞ்சின் நன்றாக இருக்கிறது, வேலைக்கும் கடைக்கும் ஓடுகிறது: நல்ல கன்வர்ஷன் கிட், நான்கு மூலையும் ஒரே நாளில், பின் ஸ்பிரிங்கோடு.

2015 சபர்பன், பின் பைகள் மட்டும் கசிகின்றன, முன்பக்கம் உலர்ந்திருக்கிறது, கையில் இப்போது அவ்வளவு பணமில்லை: பின்பக்கத்துக்குப் புதுப்பித்த மின்னணு ஷாக் ஜோடி. பின்பக்கத்தை மட்டும் சாதாவாக்கி முன்பக்கத்தை மின்னணுவாக வைத்திருக்கும் யோசனையை ஏற்காதீர்கள். முன்பக்கம் சாலைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் ஒரே மாதிரி நிற்கும். மழையில் வளைவில் வண்டி எந்தப் பக்கம் போகும் என்ற நம்பிக்கை போய்விடும்.

சில மாதத்தில் விற்கப் போகிறவர் எதையும் மாற்றாமல், கோளாறைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பது மேல். ஏற்கெனவே சாதா வகைக்கு மாற்றிய வண்டியை விற்பவர், க்ளோவ் பாக்ஸ் ஒட்டில் இசட்95 என்று இருந்தாலும் அடியில் இருப்பது வேறு என்பதை வாங்குபவரிடம் சொல்லி, கிட்டின் ரசீதையும் கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த முறை அவர் ஷாக் ஆர்டர் செய்யும்போது எது பொருந்தும் என்பது அந்த ரசீதில்தான் இருக்கும்.